கரையாத ஆலங்கட்டி

சித்திரை பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கறி எடுக்கப் போனவர்கள் திரும்பி வந்து, குழம்பு கொதித்து இறங்கி, சனமெல்லாம் தின்றுவிட்டு ஃபேனுக்குக் கீழே சாய்ந்திருந்த மூன்று மணி வாக்கில், கருக்கங்காட்டுப்புதூர் லைன் வீடுகளின் தகரக் கூரைமேல் ஆலங்கட்டி மழை பெய்தது. அரைமணி நேரம் அடித்து ஓய்ந்தது. பிறகு பழையபடி வெயில் வந்து பல்லைக் காட்டியது. ஆனால் விழுந்த கட்டிகளில் ஒன்றுகூடக் கரையவில்லை. ராத்திரியும் கரையவில்லை, மறுநாள் விடிந்தும் கரையவில்லை. திங்கட்கிழமை காலையில் நின்று அதிசயப்பட, பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு ஏது நேரம்? கரையாவிட்டால் கூட்டித் தள்ளவேண்டியதுதான் என்று பெண்கள் விளக்குமாற்றை எடுத்தார்கள்.

அப்படிக் கூட்டும்போது மூன்றாம் நம்பர் வீட்டு ருக்குமணியின் ஈரக் கையில் ஒரு கட்டி ஒட்டிக்கொண்டது. வட்டமாக, வழவழப்பாக, ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து இருந்த அதை உதறப் போனவள், அதன் வழியே தன் கட்டைவிரலைப் பார்த்துவிட்டாள். நாலைந்து வருஷமாகக் காணாமல் போயிருந்த ரேகை ஒவ்வொரு வரியாக அங்கேயே இருந்தது. அவள் கத்தவில்லை, கும்பிடவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "ஏம்புள்ள சாந்தா, கூட்டிக் கொட்டிப்போடாதே. இது கண்ணாடி," என்றாள்.

சாந்தாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடி என்ற சொல்லைக் கேட்டாலே அந்த மாதத்தில் அவளுக்கு அப்படித்தான்.

காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். சாந்தாமணியும் ருக்குமணியும் இன்னும் முப்பத்தெட்டுப் பெண்களும் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார்கள். தைத்து வருகிற பனியனைக் குழல்விளக்குக்கு அடியில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, ஊசி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, நல்லதற்குப் பச்சை ஸ்டிக்கரும் குற்றமுள்ளதற்குச் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டுவது வேலை. நாற்பது வயதுக்குமேல் நாள் முழுக்க நூலைப் பார்க்கிற கண் என்ன ஆகும் என்று கடவுளுக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். ஆனால் கம்பெனியின் கணக்கில் கண்ணாடி போட்டவள் என்றால் கண் போனவள். கண் போனவளுக்குச் செக்கிங் கிடையாது, நூல் பிசிர் வெட்டுகிற பக்கம் போய் உட்கார வேண்டியதுதான், பாதிச் சம்பளம். அதனால் மாதம் பிறந்தால் சூப்பர்வைசர் சம்பத் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, பனியனின் உள்பக்கம் தைக்கிற வெள்ளை லேபிளைக் கை எட்டும் தூரத்தில் தூக்கிப் பிடிப்பான். அதில் துவைக்கிறதற்கும் தேய்க்கிறதற்கும் அடையாளமாகத் தொட்டியும் முக்கோணமும் இஸ்திரிப் பெட்டியும் எறும்பு அளவுக்கு அச்சடித்திருக்கும். "பொட்டிக்குள்ள எத்தனை புள்ளிங்கக்கா?" என்பான். ஒன்றோ இரண்டோ மூன்றோ சரியாகச் சொன்னால் அடுத்த மாதமும் வேலை உண்டு.

பெண்கள் என்ன இளைத்தவர்களா? எந்தக் கம்பெனிச் சரக்குக்கு எத்தனை புள்ளி என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தார்கள். போன வருஷம் சரக்கு அதேதான், லேபிளை மட்டும் மாற்றிவிட்டார்கள். அது தெரியாமல் பதினொரு பெண்கள் வரிசையாக வந்து "ரெண்டுங்க சார், ரெண்டுங்க சார்" என்று மூன்று புள்ளியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பதினொரு பேரும் மத்தியானமே பிசிர் வெட்டப் போனார்கள். அதற்குப் பிறகு மனப்பாடத்தை நம்ப யாருக்கும் தைரியமில்லை.

சாந்தாமணியிடம் ஒரு கண்ணாடி இருந்தது, சம்பத் அந்தப் பக்கம் திரும்பினால் மாட்டிக்கொள்வாள், இந்தப் பக்கம் திரும்பினால் சோத்துப்பைக்குள் போட்டுக்கொள்வாள். போட்டு எடுத்துப் போட்டு எடுத்து அதன் திருகாணி கழன்று, தையல் நூலால் கட்டிவைத்திருந்தாள். பங்குனிக் கடைசியில் கம்பெனி வாசலில் நூல் அறுந்து இடது பக்கக் கண்ணாடி விழுந்தது. சரக்கு வண்டி அதன்மேல் ஏறிப் போனது. விழுந்ததுதான் விழுந்தது, வலது பக்கம் விழுந்திருக்கக் கூடாதா? சின்ன வயதில் அம்மை கண்டதிலிருந்து அவளுடைய வலது கண் அரைப்பார்வை; உழைப்பதெல்லாம் இடது கண். அந்த இடது கண்ணுக்குத்தான் பெரிய பவர்.

பஸ் ஸ்டாண்டுக் கண்ணாடிக் கடையில், ஒரு கண்ணுக்கு மட்டும் போட்டுக் கொடுப்பதில்லை, ஜோடியாகத்தான் என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள். இலவச முகாமில் கொடுத்ததும் சந்தையில் குவித்துவைத்து விற்றதும் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவராக இருந்தன. சந்தைக்காரன், "எல்லாத்துக்கும் ரெண்டு கண்ணும் ஒண்ணாத்தானுங்கக்கா கெட்டுப்போவுது, உங்களுக்கு மட்டும் என்னுங்க இப்பிடி?" என்று ஏதோ அவள் வேண்டுமென்றே செய்ததைப்போலக் கேட்டான். ஒற்றைப் பெண்பிள்ளையாக வாடகை கட்டி அரிசி வாங்குகிறவள் அவள். பிசிர் வெட்டுகிற சம்பளத்துக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும்.

அன்று காலை சாந்தாமணியின் பிளாஸ்டிக் பக்கெட்டில் பதினேழு கட்டிகள் கிடந்தன. ஆறாவதை எடுத்து வைத்ததும் வலது கண்ணுக்கு அது பழைய கண்ணாடியைவிடக் கச்சிதமாக இருந்தது; அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினாள். மற்ற பதினாறையும் இடது கண்ணில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் சேரவில்லை.

லைன் வீடுகள் அந்த மழையைச் செரித்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் ஒரு நாள் போதாது. அதைக் கல் என்று சொல்லப் பழகினார்கள். பவருக்கு நம்பர் தெரியாததால் உபயோகத்தை வைத்துப் பேர் வைத்தார்கள்: ஊசி கோக்கிற கல், பஸ் போர்டுக் கல், சீரியல் பார்க்கிற கல், அரிசியில் கல் பொறுக்குகிற கல். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒரு பனியன் லேபிளை ஆணியடித்துத் தொங்கவிட்டு, காலையில் தண்ணீர் வருகிற நேரத்தில் குடத்தோடு வரிசையில் நின்றபடியே ஒவ்வொருவரும் தங்கள் கல்லைக் கண்ணில் வைத்து இஸ்திரிப் பெட்டியின் புள்ளியை எண்ணினார்கள். சேராத கல்லைப் பக்கத்து ஆளிடம் கொடுத்து அவர் கல்லை வாங்கிப் பார்த்தார்கள். சாணை பிடிக்கிற உசேன் பாய், கத்திகளை ஓரமாக வைத்துவிட்டு நாள் முழுக்கக் கல்லின் ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்கினார். சந்தையில் கறுப்புக் கூலிங் கிளாஸெல்லாம் தீர்ந்துபோனது. கறுப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சட்டத்தில் கல்லை மாட்டினார்கள்.

மூட்டை தூக்குகிற ஆறுச்சாமி தன் ரேஷன் கார்டை எடுத்துப் படித்துப் பார்த்து, ஒன்பது வருஷமாகத் தன் பெயர் ஆறுமுகசாமி என்று இருப்பதைக் கண்டுபிடித்து, பார்த்தவர்களிடமெல்லாம் சண்டைக்குப் போனான். ராத்திரி வாட்ச்மேன் வேலைக்குப் போகிற கிழவர் பெண்டாட்டியின் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்தனை சுருக்கம் எப்ப புள்ள விழுந்துச்சு?" என்று கேட்டார், அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. கோயில் கமிட்டிக்காரர்கள், கோயில் எல்லைக்குள் விழுந்ததெல்லாம் ஆத்தாளுக்குச் சொந்தம் என்று துணியில் கட்டி உண்டியலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். லைன் வீட்டு ஓனர் சென்னியப்பன் அதற்குமேல் போய், "என்ற கூரைமேல விழுந்ததெல்லாம் எனக்குத்தான்," என்று சொல்லி, கூரையிலிருந்து அள்ளிய நாலு சாக்குக் கல்லையும் வாடகைக்கு விட்டார். வாடகை ரசீதில் கரண்டுக்கும் தண்ணிக்கும் கீழே கல் என்று இன்னொரு வரி சேர்ந்தது. யாரும் ஏனென்று கேட்கவில்லை. தண்ணிக்கு எழுதியபோதும் கேட்டதில்லை.

சாந்தாமணி மட்டும் கையில் லேபிளை வைத்துக்கொண்டு வீடுவீடாக அலைந்தாள். கேட்டவர்கள் முகம் சுளிக்கவில்லை, மிஞ்சிய கல்லையெல்லாம் முறத்தில் கொட்டிக் காட்டினார்கள். சென்னியப்பன் வீட்டில் நாலு சாக்கையும் அவிழ்க்க விட்டார். பார்க்கிறதற்குத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டார். கோயிலில் ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்தத் துணியையும் அவிழ்த்துப் பார்த்தாள். நூறு கல், இருநூறு கல், ஆயிரம் கல். ஒவ்வொன்றின் வழியாகவும் இஸ்திரிப் பெட்டி ஒரு கறுப்பு மச்சமாகவே தெரிந்தது. ஊருக்கெல்லாம் பெய்த மழை தனக்கு மட்டும் பாதி பெய்ததே என்று நினைத்து, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது அவளுக்கு.

இதற்குள் கம்பெனியில் வேறு கூத்து ஆரம்பித்திருந்தது. மழை பெய்த வாரத்து வியாழக்கிழமை செக்கிங் பெண்கள் மொத்தப் பேரும், சொல்லிவைத்துக்கொண்டு, கண்ணாடி போட்ட முகத்தோடு உள்ளே போனார்கள். சாந்தாமணியும் ஒரு பக்கம் கல்லும் ஒரு பக்கம் வெறும் ஓட்டையுமாகப் போனாள். நாற்பது பேரையும் ஒரே நாளில் பிசிர் வெட்ட அனுப்ப முடியுமா? மேனேஜர் எண்ணிப் பார்த்துவிட்டு, மணிக்கு அறுபது பீஸ் பார்த்தவர்கள் இனி தொண்ணூறு பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பெண்கள் பார்த்தார்கள். பார்க்க முடிந்தது, அதுதான் வினை. நாலைந்து வருஷமாகக் கண்ணுக்குத் தப்பிப் போன தையல் விட்டதும் கறை பட்டதும் ஓட்டை விழுந்ததும் இப்போது ஒன்றுவிடாமல் தெரிந்தன. சிவப்பு ஸ்டிக்கர் மூன்றே நாளில் தீர்ந்து, புது ரோல் வாங்கி, அதுவும் தீர்ந்தது. திரும்பிப் போன பனியன்கள் கக்கூஸ் வரைக்கும் குவிந்து கிடந்தன. கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு நின்றுபோனது.

மேனேஜர் நேரில் வந்தார். கத்தவில்லை. "கண்ணாடி போட்டுக்குங்க, நா வேண்டாங்கல," என்றார். "ஆனா பனியன் வாங்கறவன் ஆறடி தள்ளி நின்னு பாக்கறப்பத் தெரியாத குத்தம் குத்தமில்லைங்க. புரிஞ்சுதுங்களா?"

புரியாமல் என்ன? அன்று மத்தியானத்திலிருந்து பெண்கள் ஓட்டையைப் பார்த்தார்கள், பச்சையை ஒட்டினார்கள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வரும்போது அவர்களில் ஒருத்தியான சரோஜாவின் கல் கரைந்தது. இரண்டு கன்னத்திலும் தண்ணீர் வழிய அவள் வெறும் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஐந்து பேருக்கு, அதற்கு மறுநாள் ஒன்பது பேருக்கு. வெயில் அதிகம் என்றார்கள் சிலர். சோப்புப் போட்டுக் கழுவியிருப்பாள் என்றார்கள் சிலர். ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்காத குறை என்றது கோயில் கமிட்டி, வசூலுக்கும் வந்தது. ஆனால் ஆறுச்சாமியின் கல் கரையவில்லை, வாட்ச்மேன் கிழவருடையது கரையவில்லை, சென்னியப்பனின் சாக்கில் இருந்ததும் கரையவில்லை. செக்கிங் பெண்களுடையது மட்டும் தினம் சாயங்காலம் ஐந்தும் பத்துமாகக் கரைந்துகொண்டிருந்தது. சாந்தாமணியின் ஒற்றைக் கல் கெட்டியாக இருந்தது. அரைப்பார்வைக் கண்ணுக்கு எந்தக் குற்றமும் பிடிபடவில்லை, தெரியாததைத்தான் அவள் பச்சை என்று ஒட்டினாள்.

ருக்குமணியின் கல்லும் கரையவில்லை. அவள் யார் சொல்லியும் கேட்காமல் ஓட்டைக்குச் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சம்பளக் கவரைக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை வரவேண்டாம் என்று சம்பத் சொல்லிவிட்டான்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் சாந்தாமணியின் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து முடித்து, மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, இடது பக்கக் கல்லைக் கட்டைவிரலால் நெம்பி எடுத்தாள்.

"இந்தா, வெச்சுப் பாரு."

சாந்தாமணி வைத்துப் பார்த்தாள். சுவரில் பல்லி ஒன்று கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. காலண்டரில் ராகுகாலம் படிக்க முடிந்தது. வீடுவீடாக, சாக்குச்சாக்காகத் தேடியது இத்தனை நாளும் பக்கத்து வீட்டில் ருக்குமணியின் மூக்கின்மேல் இருந்திருக்கிறது. ஒருத்தர் போட்டிருப்பதைக் கழற்றிக் கொடு என்று கேட்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

"அக்கா, உங்களுக்கு?"

"நா வெங்காய மண்டிக்குப் போறன். வெங்காயம் உரிக்க ஒரு கண்ணு போதும், அதுவும் எரியத்தான் போவுது." ருக்குமணி சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஒண்ணு சொல்றன், கேட்டுக்க சாந்தா. பாத்ததைப் பாக்கலைன்னு சொல்லிப்போடாதே. சொன்னாக் கரைஞ்சு போயிரும். அவளுவளையெல்லாம் நாந்தான் பாத்துக்கிட்டே இருந்தனே."

"இதை அவியகிட்டச் சொல்லலையாக்கா?"

"சொன்னனே. சொல்லி? அவளுவளுக்கும் வாடகை இருக்குதல்லோ."

திங்கட்கிழமை மே மாதம் பிறந்தது. சம்பத் லேபிளோடு நின்றான். கண் நன்றாக இருப்பவர்கள்தான் செக்கிங்கில் இருக்கிறார்கள் என்று சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரனுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும், அதனால் புள்ளியும் எண்ணவேண்டும். சரக்கு போகவேண்டும், அதனால் ஓட்டையைப் பார்க்கவும் கூடாது. லேபிளுக்குப் பிறகு ஒரு பனியனையும் கையில் கொடுக்கிறான் என்று வரிசையில் முன்னால் போனவர்கள் வந்து சொன்னார்கள்.

"பொட்டிக்குள்ள எத்தனை புள்ளிங்கக்கா?"

"மூணுங்க சார்." அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. மனப்பாடம் இல்லை, ஊகம் இல்லை. மூன்று புள்ளியும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நின்றன.

சம்பத் பனியனை நீட்டினான். "இதுலீங்க?"

கழுத்துப் பட்டைக்குக் கீழே நாலு தையல் விட்டிருந்தது. அக்குளில் ஊசி ஓட்டை இரண்டு. விளிம்பில் நகக்கண் அளவுக்கு எண்ணெய்க் கறை. பனியனை மட்டுமா பார்த்தாள்? சம்பத்தின் சட்டைக் காலர் நைந்து நூல் பிரிந்திருப்பதையும், பட்டன் மாற்றிப் போட்டிருப்பதையும், அவன் தன் கையிலிருந்த பேப்பரை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொண்டுபோய்க் கண்ணை இடுக்கிக்கொண்டு படிப்பதையும் பார்த்தாள். இவனுக்கும் கண் போய்க்கொண்டிருக்கிறது, இவனும் யாருக்கோ பயந்து மறைக்கிறான் என்று தெரிந்தபோது அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, அந்த இரக்கத்தின்மேலேயே எரிச்சலும் வந்தது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்த முதல் வேலைநாள் அது. இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் இப்படிப் பார்த்துவிட்டு இழந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. ருக்குமணியின் கட்டைவிரல் அந்தக் கல்லை நெம்பி எடுத்தது நினைவுக்கு வந்தது. வீட்டு வாடகையும் நினைவுக்கு வந்தது.

"என்ன தெரியுதுங்கக்கா?"

"ஒண்ணும் தெரியிலீங்க சார்," என்றாள் சாந்தாமணி.

பச்சை ஸ்டிக்கரை உரித்து ஒட்டினாள். சாயங்காலம் வரைக்கும்கூட அது பொறுக்கவில்லை. ஒட்டிய கையை எடுப்பதற்குள் இடது கன்னத்தில் சில்லென்று இறங்கியது, பிறகு வலது கன்னத்திலும். சம்பத்தின் முகம் முதலில் மங்கியது, அப்புறம் லேபிள், அப்புறம் அவள் கை.

"ஏனுங்கக்கா, அழுவறீங்களா? வேலைதான் இருக்குதுங்களே."

"அழுவுலீங்க சார். கண்ணாடிங்க."

அதற்கு அடுத்த வாரம், வெளிநாட்டுக்காரன் கம்பெனியைப் பார்க்க வந்தான். தொழிலாளிகளின் கண்ணைக் கம்பெனி எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று காட்ட, செக்கிங் பெண்களைக் கண்ணாடியோடு போட்டோ எடுத்து வாசலில் மாட்டவேண்டும் என்று மேனேஜர் ஏற்பாடு செய்திருந்தார். கல்லெல்லாம் கரைந்துபோனால் என்ன, சட்டம் இருக்கிறதல்லவா? போட்டோவில் அது தெரியவா போகிறது? ருக்குமணியின் இடத்தில் வந்த புதுப்பெண்ணுக்கும் ஒரு சட்டம் கொடுத்து, நாற்பது பேரையும் இரண்டு வரிசையில் நிற்கவைத்தார்கள். வெளிநாட்டுக்காரன் கைகுவித்து வணக்கம் சொன்னான். சம்பத் எல்லோரையும் சிரிக்கச் சொன்னான், சிரித்தார்கள்.

முன்வரிசையில் நின்ற சாந்தாமணிக்கு கேமராவிலிருந்து மின்னல் வெட்டிய வெளிச்சத்தில் இடது கண் கூசித் தண்ணீர் வந்தது. கண்ணாடியைக் கழற்றாமலே, சட்டத்துக்குள் விரலை விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, கையை எடுங்க," என்றான் போட்டோக்காரன். "கண்ணாடி மறையுது."